சங்கரன்கோவிலில் ஒன்ஸ்மோர்

டிரம்முக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் நடத்துனர். எந்த டிரம்முக்கு என்று கேட்டேன். மொத்தம் ஐந்து இருந்தன, சிம்பல் தட்டுகள் தனி. அவர் பேருந்தின் பின்பக்கம் வரை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்குந்தான்" என்றார்.

திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த டிரம் செட் அது. ஏற்றி வந்த லோடு ஆட்டோ மேலநீலிதநல்லூர் பக்கம் பின்சக்கர அச்சு முறிந்து, கரிசல் காட்டோரம் ஒருக்களித்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். "இன்னைக்கு இது நகராது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கத்தில் நெருக்கியடித்து வந்த எனக்கும் டிரம் வாசிக்கும் ஹரிக்கும் வேறு வழி தெரியவில்லை. எங்கள் நாடகக் குழுவில் மற்றவர்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். சங்கரன்கோவில் போகும் டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினோம்.

களையெடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். பெரிய டிரம் டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மேல் ஏறியது. சின்ன டிரம்களை ஆளுக்கு ஒன்றாக மடியில் வாங்கிக்கொண்டார்கள். தட்டை வாங்கிய அம்மாள் அதன் மேல் தன் தூக்குவாளியை வைத்தார். நடத்துனர் லக்கேஜ் பேச்சை எடுத்ததும் அவர்தான் சத்தம் போட்டார்.

"பொம்பளையளுக்கு ஓசின்னா எங்க மடியில இருக்கதுக்கும் ஓசிதான். பேசாம போவும்யா."

பஸ்ஸே சிரித்தது. நடத்துனரும் சிரித்துவிட்டுப் பெரிய டிரம்முக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். சிங்கப்பூர் ரயிலில் கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாலே நான்கு பேர் முறைப்பார்கள் என்று ஹரி சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதைக் காப்பாற்றுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

என் மகள் கயல் சிங்கப்பூரில் ராக் இசை நாடகம் எழுதி, அதில் தானே பாடி நடிப்பவள். வசனம் குறைவு, எல்லாமே பாட்டு. எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ். கதை அவள் அம்மாவுடையது. சங்கரன்கோவிலில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்து, இருபது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் பார்த்து, மூன்று வருடத்துக்கு முன் புற்றுநோயில் இறந்துபோன என் மனைவியின் கதை. நாடகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் பெயர்தான்.

சிங்கப்பூரில் ஐந்து முறை மேடையேறியது. ஐந்து முறையும் போனேன். ஐந்து முறையும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான், எத்தனை டெசிபலுக்கு மேல் போனால் காது கெடும் என்பது மனப்பாடம். அறுபத்து நான்கு வயதுக்காரன், "இந்தச் சத்தம் இனிமே ஒத்துக்காதும்மா" என்று சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. எனக்குத் துணையும் இருந்தது. நரைத்த தலைகளில் பாதி இடைவேளையோடு காணாமல் போய்விடும். குழுவின் இயக்குநர், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த இசை ஏறாது, இனி விளம்பரத்தை இளைஞர்களோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. ஓடி வந்தவன் நான் ஒருவன் இல்லை, என் வயதுக்காரர்கள் எல்லோருமே ஓடியவர்கள் என்றாகிவிட்டது.

கயல் அதை ஏற்கவில்லை.

"வயசுதான் காரணம்னா அம்மா ஊர்லயும் பெரியவங்க எழுந்து போகட்டும், நம்புறேன். ஆனா நீங்க அங்க மட்டும் கடைசி வரைக்கும் உட்காரணும்ப்பா. ஒரே ஒரு தடவை."

சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலோடுதான் பஸ் நிலையத்தில் ஐந்து டிரம்களுக்கு நடுவே இறங்கி நின்றேன்.

அழைத்துப் போக வந்தவர் என் மனைவியின் அண்ணன் கோமதிநாயகம். உரக்கடை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், ஆனால் பெரிய டிரம்மைத் தனியாளாகத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

"வாங்க மாப்ள. மேளத்தோட ஊர்வலமால்லா வந்திருக்கிய."

அவ்வளவுதான் கேலி. வீட்டு முன்னறையில் என் மனைவியின் படம் மாலையோடு இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. எனக்கு அந்த முகம் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தவள், ஷிப்ட் முடிந்து வந்து நின்றபடியே சாப்பிடுகிறவள்.

காபி வந்தது. மச்சான் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கடைசியா அவ மூஞ்சியப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கல மாப்ள. பாஸ்போர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீடியோவுல காட்டுனாங்க. பாதியில படம் நின்னுட்டு. யாரோ அவ கால்மாட்டுல பூவப் போடப் போறாங்க, போட்ட மாதிரியும் இல்ல, போடாத மாதிரியும் இல்ல. அப்படியே நின்னுட்டு."

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. தகனக்கூடத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஏசி அதிகம் என்று யாரிடமோ சொன்ன ஞாபகம்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனோம். மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. மச்சானுக்கு வேண்டியவர் ஒருவர் தன் மண்டபத்தை விட்டுக்கொடுத்திருந்தார். மணமக்கள் உட்காரும் மேடைதான் எங்கள் மேடை. பின்சுவரில் போன முகூர்த்தத்துத் தெர்மக்கோல் அன்னங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. கயல் அவற்றைக் கறுப்புத் துணி போட்டு மூடினாள்.

வாசலில் ஒரு சண்டை நடந்தது. மின்கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைத் தெருவைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயல் பதறிப்போனாள்.

"மாமா, உள்ள இருக்கிற ஸ்பீக்கர் போதும். வெளிய எதுக்கு?"

"என்ன மக்கா சொல்லுத? குழாய் கட்டலன்னா ஊருக்கு எப்படித் தெரியும்? உள்ள இருக்கவன் மட்டும் கேட்டா அது என்ன நாடகம்?"

"சவுண்டு கெட்டுடும் மாமா."

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. எந்தங்கச்சி பாட்ட அவ தெரு கேக்கட்டும்."

குழாய்கள் கட்டப்பட்டன.

மதியம் பிரியாணி. இந்த ஊர் பிரியாணிக்கென்றே ஆட்கள் வண்டி பிடித்து வருகிறார்கள் என்று ஹரி எங்கோ படித்திருந்தான். சீரகச் சம்பா அரிசி, எலும்போடு ஆட்டுக்கறி, மசாலா மூக்கில் ஏறாமல் நாக்கில் மட்டும் நின்றது. சிங்கப்பூர்க் கடைகளில் தட்டில் கவிழ்த்துத் தருகிற மஞ்சள் மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதினார்கள். கீபோர்டு வாசிக்கும் பெண் மறு இலை போடச் சொன்னாள். நான் பாதியில் இலையை மடித்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு நாடகம்.

ஐந்துக்கு முன்பே கூட்டம் வந்துவிட்டது. பின்பாதி முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள், கையில் போன். முன்பாதியில் நரைத்த தலைகள். சிலர் குளிருக்குத் துண்டை மப்ளராகச் சுற்றியிருந்தார்கள், சிலர் தரையில் உட்காரப் போர்வையே கொண்டுவந்திருந்தார்கள். என் மனைவியோடு படித்தவர்கள், அவள் அப்பாவிடம் வேலை பார்த்தவர்கள், பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்கள் என்று மச்சான் ஒவ்வொருவராகக் காட்டினார். அவர் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து நாற்காலி எனக்கு. முதல் பாட்டிலேயே இந்த முன்பாதி காலியாகிவிடும், கூட்டத்தோடு கூட்டமாக நானும் நழுவிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கிட்டார் அலறியது. டிரம் அதிர்ந்ததில் நாற்காலியின் பிளாஸ்டிக் கைப்பிடி நடுங்கியது. நான் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஒருவர் கூட அசையவில்லை. வெற்றிலை மென்ற வாய்கள் மெல்லுவதை நிறுத்தவில்லை. பின்னால் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"நம்ம கோயில் கொடைக்குக் கட்டுத செட்டுல பாதி சத்தங்கூட இல்லையே வே."

"பாட்டு வெளங்குதுல்லா, அது போதும்" என்றார் மற்றவர்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மகள் மேடையில் பத்தொன்பது வயதுப் பெண்ணாகக் கரிசல் மண்ணை உதறிக்கொண்டு விமானம் ஏறினாள். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். தொழிற்சாலைக் காட்சியில் டிரம்மின் தாளத்துக்கு ஒருவர் தொடையில் தட்டினார், காலை இழுத்து இழுத்து நடந்து வந்த மனிதர் அவர். பாட்டுக்குப் பாட்டு கதை நகர்வதும், சோகத்தை உரக்கப் பாடுவதும், ராஜாவும் வேலைக்காரியும் தொண்டை கிழியப் பாடுவதும் இவர்கள் சின்ன வயதிலிருந்தே கோயில் நாடகங்களில் பார்த்து வந்தது. இவர்களுக்குக் கிட்டார்தான் புதிது.

இடைவேளையில் எழுந்து போனவர்கள் இளைஞர்கள். பத்து நிமிடத்தில் பின்பாதி காலி. வாசலில் ஒரு மாணவியை நிறுத்தி, பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஐயோ, சூப்பரா இருக்கு அங்கிள். ஆறரை மணிக்குத் திருவேங்கடம் போற பஸ்ஸ விட்டா எங்களுக்கு வண்டி கிடையாது. அதான் போறோம்."

பெரியவர்கள் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள், அவர்களுக்குப் பஸ் கவலை இல்லை. அப்போதுதான் சிங்கப்பூர் அரங்கத்தின் குளிர் நினைவுக்கு வந்தது. ஸ்வெட்டர் போட்ட கிழவர்கள், முழங்காலைத் தடவியபடி எழுந்து போனது நினைவுக்கு வந்தது. ஒருவரையாவது நிறுத்தி ஏன் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை, இயக்குநரும் கேட்கவில்லை. நரையைப் பார்த்தோம், முடிவு கட்டினோம்.

ஆக, என் சாக்கு அந்த மண்டபத்து வாசலிலேயே செத்துவிட்டது. இனி உள்ளே போய் உட்கார்வதைத் தவிர எனக்கு வேலையில்லை. போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது. கீபோர்டில் இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரத்தின் ஒலியை வைத்திருக்கிறார்கள், பீப், பீப் என்று. மேடையில் ஒரு கட்டில். கயல் தன் அம்மாவின் ஊதா நிற நைட்டியைப் போட்டுக்கொண்டு அதில் வந்து படுத்தாள். தலையணையை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டாள், அவள் அம்மா மடிப்பது போலவே.

நான் எழுந்துவிட்டேன். மச்சான் திரும்பவில்லை, அவர் கண் மேடையை விட்டு நகரவில்லை. ஓரமாக நடந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ சொன்னேன்.

குழாய் ஸ்பீக்கர்களை மறந்துபோயிருந்தேன்.

இரண்டும் டீக்கடையைப் பார்த்தே கட்டப்பட்டிருந்தன. காதில் பஞ்சு வைத்தும் பிரயோசனமில்லை. கிட்டார் நின்றது, கீபோர்டு நின்றது, டிரம் மட்டும் மெல்ல அடித்துக்கொண்டிருக்க, கயலின் குரல் தெரு முழுக்க நிரம்பியது. சாவுப் பாட்டு. ஐந்து மேடையில் நான் கேட்காமல் தப்பித்த பாட்டு.

*மூணாவது டிராயர்ல மாத்திரை இருக்கு,*
*மழை வந்தா ஜன்னலை நீதான் சாத்தணும்.*
*அப்பாவுக்குக் கோவம் வந்தா பசின்னு அர்த்தம்,*
*பதில் பேசாதே, ஒரு தட்டு சோறு வை.*

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வீட்டுக்கு வீடு இதேதான் போல." உள்ளேயும் சிரிப்புச் சத்தம் எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. பாட்டு முழுவதும் இப்படித்தான். அரிசி டப்பா எங்கே, கரண்ட் பில் என்றைக்கு, என் சட்டைக் காலரை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும். கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரியில் இருந்து நான் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நான் போன பிறகு அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். டீக் கிளாஸைப் பிடித்திருந்த கை சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

டிரம் நின்றது. செத்துவிட்டாள்.

பிறகு மேடை மைக்கில், தூரத்திலிருந்து விழுகிற மாதிரி, உடைந்த ஆண் குரல் ஒன்று கேட்டது.

"ஒன்ஸ்மோர்!"

என் மச்சானின் குரல். அதன் பின்னாலேயே ஐந்தாறு குரல்கள், பிறகு மண்டபமே சேர்ந்து. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" கைத்தட்டல், சீழ்க்கை.

"பாத்தியளா, பெருசுக கேட்டுட்டு" என்றார் டீக்கடைக்காரர். "இனி அந்தப் புள்ள எந்திரிச்சுப் பாடணும்லா."

எனக்குத் தெரியும். நான் மேலூர்ப் பக்கம் வளர்ந்தவன், கோயில் திருவிழா இசை நாடகங்களைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவன். சாவுப் பாட்டு நெஞ்சைத் தொட்டுவிட்டால் சபை ஒன்ஸ்மோர் கேட்கும். கேட்டதும் செத்துக் கிடக்கிற ராஜா எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதலடியிலிருந்து பாடி மறுபடி சாவார். நன்றாகப் பாடுகிறவர் இரண்டு மூன்று முறை சாவார். ஒரு நடிகருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை கிழவர்களுக்கும் அது தெரியும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் தெரியாது. அவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான், நான் தெருவின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு லாரி குறுக்கே வந்தது. அது போவதற்குள் குழாயில் கயல் பேசத் தொடங்கிவிட்டாள்.

"செத்துப்போனது எங்க அம்மா. சிரிச்சீங்க, சரின்னு இருந்தேன். சாவையுமா கிண்டல் பண்ணுவீங்க? பிடிக்கலன்னா எழுந்து போங்க. தயவுசெய்து போங்க."

சீழ்க்கை நின்றது. ஆளாளுக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் மட்டும் குழாய் வழியே தெருவுக்கு வந்தது. நான் வாசலை அடைந்தபோது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செருப்பைத் தேடினார்கள், போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்கள், போனார்கள். என்னைத் தெரிந்தவர்கள் கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சான் கடைசியாக வந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைக் கவனிக்காமல், ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

கயல் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், இன்னும் அதே நைட்டியில். ஹரி வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அவங்க ஏன்ப்பா அப்படிக் கத்தினாங்க? லைட்டுல எனக்கு யார் முகமும் தெரியல. நீங்க முன்னாடிதானே இருந்தீங்க?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அது கேலி இல்லை என்று சொன்னால், தெரிந்த நீங்கள் ஏன் எழுந்து நின்று சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து, "தெரியலம்மா, ஊர் ஜனங்க" என்றேன். என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக நான் ஒரு பொய் சொன்னதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பாடு பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். லாட்ஜ் வாசலில் கார் நின்றது. டிரம் செட்டை வேறு வண்டியில் ஹரி திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டான். மச்சான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டியும் ஒரு முழம் மல்லிகைப் பூவும் இருந்தன. பூவைக் கயலிடம் நீட்டினார்.

"எம்மேலதான் தப்பு மக்கா. மனசுல வச்சுக்கிடாத. நான் கேட்டிருக்கப்படாது."

கயலுக்குப் புரியவில்லை. "என்ன கேட்டீங்க மாமா?"

"ஒன்ஸ்மோர். நான்தானே மொதல்ல கேட்டேன். எனக்குப் பொறவுதான் மத்த ஆளுவ. நீ அப்படியே அவள மாதிரிக் கெடந்தியா, இன்னொருக்கா எந்திரிச்சுப் பாடுவான்னு ஒரு ஆச. நாடகம் போடுத புள்ளைக்கு இது தெரியாமலா இருக்கும்னு நெனச்சுட்டேன்." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாப் பாடுனாத்தான் மக்கா கேப்போம். சும்மா யாரும் கேக்க மாட்டான். செத்தவங்க எந்திரிச்சுப் பாடிட்டுப் பொறவு படுத்துக்கிடுவாங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

கயல் பூவைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, உங்களையா நான் வெளிய போகச் சொன்னேன்?"

"அதுக்கென்ன, விடு. உங்கப்பா பக்கத்துல இருந்திருந்தா ஒரு சத்தம் குடுத்திருப்பாரு. அவரு நாற்காலி காலியால்லா கெடந்துது. என்ன சோலியா போனாரோ."

அவர் குற்றம் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அந்தக் குணமே கிடையாது. கயல் என் பக்கம் திரும்பவில்லை.

"இப்பப் பாடட்டா மாமா? இங்கயே பாடறேன். முழுசா."

மச்சான் தெருவைப் பார்த்தார். பால் வண்டி ஒன்று போனது.

"வேண்டாம் மக்கா. அது நேத்தோட சரி. வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க. சட்டியில பிரியாணி இருக்கு, மத்தியானத்துக்குள்ள சாப்பிட்டுருங்க."

கார் நகர்ந்தபோது அவர் கையைத் தூக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.

ஊர் எல்லை தாண்டினோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. கீபோர்டுப் பெண் முன்னிருக்கையில் தூங்கிவிட்டாள். நான் என்னென்னவோ சாக்குகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். தலை சுற்றியது, போன் வந்தது, காது வலித்தது.

"எங்கப்பா போனீங்க?"

"எதிர்த்த டீக்கடைக்கு."

"பாட்டு வரைக்கும் இருந்தீங்களா?"

"இல்ல. கட்டில் வந்ததும் எழுந்துட்டேன். பாட்டை அங்கிருந்து கேட்டேன். முழுசாக் கேட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள இருந்திருந்தா, மாமா மாதிரி நீங்களும் கேட்டிருப்பீங்களா? ஒன்ஸ்மோர்னு?"

"இல்லம்மா." மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தினேன். "அவ ஒரு தடவை செத்ததையே என்னால பார்க்க முடியல."

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருடமாக அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"வயசுன்னுதானேப்பா சொன்னீங்க."